காப்புக் கட்டிய ஸ்டாப்பர்

தை மாதத்தில் யானைகள் மட்டும் கூடலூர்ப் பக்கத்துப் புலிக்குன்னு மைதானத்தில் இறங்காமல் இருந்திருந்தால் சசிதரனுக்கு இந்தச் சோதனையே வந்திருக்காது. மூன்று யானைகள். முதுகு சொறிந்துகொள்ள வாகாக இருக்கிறதென்று கோல் போஸ்டைச் சாய்த்தன. நடு மைதானத்தைக் குழி குழியாக மிதித்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டன. அன்றைக்கு நடக்க வேண்டிய ஆட்டத்தை லீக்காரர்கள் ஒத்திவைத்தார்கள். பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் புதுத் தேதியாகக் குறித்து டீம் கேப்டன் ஜீவாவின் போனுக்குத் தகவல் வந்தபோது, கிலாறா தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. சசிதரனின் வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் இருந்தது.

கிலாறா தோட்டம் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருக்கிறது. டீமின் பெயர் கிலாறா ஸ்காட்டிஷ் கிளப். அந்தக் காலத்தில் தோட்டத்தை ஆண்ட ஸ்காட்லாந்துத் தொரை ஒருவர் வைத்த பெயர். பின்னங்காலில் எழுந்து நிற்கும் தன் ஊர்ச் சிங்கத்தை ஜெர்ஸியில் போட அவரே வரைந்து கொடுத்தாராம். பழைய ஜெர்ஸியைப் பார்த்துப் புதுசு, அதைப் பார்த்து அதற்கடுத்தது என்று அச்சடித்து அச்சடித்துச் சிங்கத்தின் பிடரி உதிர்ந்துபோய், இப்போது அது மடியில் ஏறப் பார்க்கும் பூனை மாதிரி இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் ‘மியாவ்’ என்றுதான் வரவேற்பு. இந்த வருடம் அந்தப் பூனைக்கு நகமும் இல்லை. பத்து டீம் இருக்கிற மலை லீக்கில் ஒன்பதாவது இடம். வெளியூர் மைதானத்தில் ஆடிய எட்டு ஆட்டத்திலும் தோல்வி. மிச்சம் இருந்தது புலிக்குன்னு ஒன்றுதான். அதில் ஒரு பாயிண்ட் கிடைத்தால் பிழைக்கலாம். தோற்றால் இரண்டாம் டிவிஷன்.

சசிதரன் அந்த டீமின் ஸ்டாப்பர். கோல் கீப்பருக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கிற ஆள். வயது முப்பத்தாறு. அவனுடைய அப்பா இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். சசிதரன் இங்கே தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாம் நம்பர் லயத்தில் பிறந்து, அந்த லயத்திலேயே இன்றைக்கும் குடியிருக்கிறான். ஃபேக்டரியில் தேயிலை காய வைக்கும் டிரையருக்குச் சூடு கொடுக்கிற அடுப்பில் விறகு தள்ளுவது அவன் வேலை. ஆள் நல்லவன். கோயில் வேலை என்றால் முதலில் வந்து நிற்பான். ஆனால் கோபம் வந்தால் அவனுக்குக் கண் தெரியாது. பத்தொன்பது வயதில் பஜாரில் ஒருவனின் முன்பல் இரண்டைக் கீழே உதிர்த்தவன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கோபத்தை மைதானத்தில் மட்டும் வைத்துக்கொண்டான். அங்கே அதற்குக் கைதட்டல் கிடைத்தது.

போன ஆவணியில், இதே புலிக்குன்னு டீம் கிலாறாவுக்கு வந்து ஆடியது. அவர்களுடைய முன்வரிசைக்காரன் டெனின் பந்தைத் தட்டிக்கொண்டு இவனைத் தாண்டியபோது, இவன் பந்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தான். பார்த்து மிதித்தான். காய்ந்த சில்வர் ஓக் கிளை ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. டெனினின் முழங்காலுக்குக் கீழே கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. அவன் அலறவில்லை. வாயைத் திறந்து மூடினான், அவ்வளவுதான். டெனின் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவன். அதன் பிறகு ஏழு மாதம் அவன் லாரியில் ஏறவில்லை என்று கேள்வி. ரெஃப்ரி சிவப்பு அட்டை காட்டினார். இரண்டு ஆட்டம் தடை. சசிதரன் புலிக்குன்னு பக்கமே போகவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். தோன்றிய நாளெல்லாம் டிரையரில் அவசர வேலை இருக்கும்.

அதே மாதக் கடைசியில் அவன் மகள் எட்டு வயதுத் தாரிணிக்குப் பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நிற்கும்போது வலிப்பு வந்தது. அடுத்த வாரம் மறுபடியும். அதற்கடுத்து ஒரே நாளில் இரண்டு தடவை. பிள்ளையின் வாயோரம் நுரையைத் துடைக்கும்போது சசிதரனுக்கு அந்தக் கிளை ஒடிகிற சத்தம் காதில் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மனைவி ரஞ்சனியிடம் மட்டும், “நான் பண்ணுனதுதான் புள்ள மேல எறங்கியிருக்கு” என்றான்.

புரட்டாசியில் அம்மன் சந்நிதியில் விழுந்து வேண்டிக்கொண்டான். பிள்ளைக்குச் சுகமானால் பங்குனித் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுக்கிறேன், இனி ஒருத்தர் மேல் கை ஓங்க மாட்டேன் என்று. குன்னூர் டாக்டர் மாத்திரையும் கொடுத்தார். ஆறு மாதமாகப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மாத்திரைதான் என்றார் டாக்டர். ரெண்டுந்தான் என்றாள் ரஞ்சனி. சசிதரன் வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தான். ஆனால் அவன் நம்பிக்கை முழுவதும் அந்தச் சட்டியில்தான் இருந்தது.

ஜீவா டீமின் கேப்டன். இருபத்தாறு வயது, பேச்சில் எமனையே மடக்குவான். நேராக டிரையர் அடுப்பருகே வந்து நின்றான்.

“சசிண்ணே, பதினோரு பேருதான் இருக்கோம். ரெண்டு பேரு திருப்பூரு போயிட்டானுங்க. ஒருத்தன் கை கட்டுல இருக்கு. நீங்க வரலீன்னா பத்து.”

“காப்புக் கட்டியிருக்கேன் ஜீவா.”

“தெரியுமுங்கண்ணே. சும்மா நின்னாப் போதும். உங்களப் பாத்தாலே பாதிப் பேரு பந்த உட்டுட்டுப் போயிருவானுங்க.”

“டெனின் வெளையாடுறானா?”

ஜீவா அடுப்பைப் பார்த்தான். “தையில நடந்திருந்தா அவன் வந்திருக்க மாட்டான். இப்பக் காலு சேந்துருச்சாம். இதுதான் அவனுக்கு மொத ஆட்டம்.”

இரண்டு பேரும் பூசாரி அய்யாவுவிடம் போனார்கள். அய்யாவு எழுபதைத் தாண்டியவர். இலங்கையில் இருந்தபோதே பூசை செய்தவர். காப்புக் கட்டியவனுக்கு என்னென்ன ஆகாது என்று விரல் மடக்கிச் சொன்னார். மாமிசம் ஆகாது. கட்டில் ஆகாது. செருப்பு ஆகாது. கெட்ட வார்த்தை ஆகாது. கை ஓங்கக் கூடாது. ஓங்கி அடித்து ரத்தம் பார்த்தால் காப்பு அறுந்த மாதிரி. பொழுது சாய்ந்து விளக்கு வைப்பதற்குள் தோட்டத்து எல்லைக்குள் வந்துவிட வேண்டும்.

“அம்புட்டுந்தானே? வந்துருவோம் மாமா” என்றான் ஜீவா. “ஆட்டம் காலைல பதினோரு மணிக்கு.”

“பூட்ஸு?”

“அது தோலில்லீங்க மாமா, ரெக்ஸின். மாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“அம்மன் என்ன, குனிஞ்சு லேபிளா பாத்துக்கிட்டிருப்பா? காலுன்னா வெறுங்காலு. ஆடுறதா இருந்தா அப்புடி ஆடட்டும்.”

“எல்லாரும் ஆணி வச்ச பூட்ஸோட வருவானுங்களே!”

“அது அவெங்க பாடு. இவன் காலு மண்ணுல இருக்கணும்.”

அன்றைக்குப் பேச்சு முழுவதும் காலைப் பற்றியே இருந்தது. கையைப் பற்றி ஒரு வரி. முழங்கையை யாருமே நினைக்கவில்லை.

ரஞ்சனி ஒத்துக்கொள்ளவில்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்தவள், கூடையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள்.

“உங்க கோபத்தோட பதினோரு வருசமா நாந்தான் குடித்தனம் பண்றேன். அந்தக் கோயிலு இல்ல.”

“கைய முதுகுக்குப் பின்னாலயே கட்டிக்கிட்டு ஆடுறேன் ரஞ்சி.”

“கட்டுன கையி அவுராதா?”

“புள்ளைக்காகக் கட்டுனது. அவுராது.”

அவள் தாரிணியைப் பார்த்தாள். பிள்ளை தரையில் குப்புறப் படுத்துப் பூனை ஜெர்ஸிக்கு மீசை வரைந்துகொண்டிருந்தது. ரஞ்சனி கூடையை இறக்கினாள். “நாம பண்ணுனதுக்கு ஒரு நாள் அவன் மூஞ்சில முழிக்கத்தானே வேணும். போயிட்டு வாங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும்போது டீமை ஏற்றிக்கொண்டு டிரைவர் எல்லப்பனின் பிக்கப் வேன் கிளம்பியது. ஊட்டி தாண்டி நடுவட்டம் இறக்கத்தில் மழை பிடித்தது. கோடை மழை, கல்லெறிகிற மாதிரி. சசிதரன் தார்ப்பாய்க்குக் கீழே வெறுங்காலை மடக்கி உட்கார்ந்து அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தான். பையன்கள் யாரும் பாட்டுப் போடவில்லை.

புலிக்குன்னு மைதானத்துக்கு ஒரு பக்கம் தேயிலை மேடு. மறுபக்கம் சதுப்பு. நடுவே யானை மிதித்த குழிகளில் செம்மண் கொட்டி மூடியிருந்தார்கள். மழையில் அது களியாகிக் கிடந்தது. மேட்டில் ஐந்நூறு பேருக்குக் குறையாமல் குடையோடு நின்றார்கள். வேன் நின்றதும் ‘மியாவ்’ கிளம்பியது. அதைத் தொடர்ந்து வேறொன்றும் கிளம்பியது.

“கால் முறிச்சவன் வந்தாச்சு! அடுப்புக்காரன் வந்தாச்சு!”

“எடா, அவன் செருப்பில்லாம வந்திருக்கான்டா! மன்னிப்புக் கேக்கவா?”

முதல் கல் வேனின் கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது கல் எல்லப்பனின் தோளில் விழுந்தது. ரெஃப்ரி மகேஷ் ஊட்டிக்காரர், கறாரான ஆள். விசிலடித்துக் கூட்டத்தைக் கயிற்றுக்குப் பின்னால் தள்ளினார். சசிதரனின் காலைப் பார்த்தார்.

“பூட்ஸ் எங்கப்பா?”

சசிதரன் மணிக்கட்டைக் காட்டினான்.

“பல்லுப்போல ஆணி வச்சிருக்கான் ஒவ்வொருத்தனும். நாளைக்கு என்மேல புகார் வரப்படாது.”

“வராதுங்க சார்.”

டெனின் வரிசையில் ஐந்தாவதாக நின்றான். இளைத்திருந்தான். இடது காலில் முழங்கால் வரை பட்டை சுற்றியிருந்தான். கைகுலுக்கும்போது அவன் கையைக் கொடுக்கவில்லை. சசிதரனின் காலை மட்டும் பார்த்துக்கொண்டு தாண்டிப் போனான்.

ஆட்டம் தொடங்கி நாலாவது நிமிஷத்தில் டெனின் அந்த வெறுங்காலைக் கண்டுபிடித்தான். பந்து எங்கோ தூரத்தில் இருந்தது. அவன் பின்னோக்கி நடந்துவந்து, தற்செயல் போல, சசிதரனின் வலது பாதத்தின்மேல் முழு எடையையும் போட்டுத் திருகினான். பெருவிரல் நகம் வேரோடு நிமிர்ந்தது. சசிதரனின் கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது. கை தானாக மேலே வந்தது. பாதியில் மஞ்சள் நூலைப் பார்த்தான். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டான்.

அப்படியே ஆடினான். பின்னால் கைகட்டிய ஆள், தலையாலும் நெஞ்சாலும் பந்தை நிறுத்துவதைப் பார்த்துக் கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு அதற்கு வெறி ஏறியது. புலிக்குன்னுப் பையன்கள் முறை வைத்து மிதித்தார்கள். ஒருவன் கணுக்காலில் உதைத்தான். ஒருவன் விழும் சாக்கில் முழங்காலை விலாவில் இறக்கினான். கார்னர் உதைக்கும்போது ஒருவன் அவன் முகத்தில் துப்பினான். கிலாறாப் பையன்களும் சும்மா இருக்கவில்லை. ஜீவா ஒருவனின் காதைப் பிடித்து இழுத்து மஞ்சள் அட்டை வாங்கினான். பாதி ஆட்டத்தில் சசிதரனின் பாதம் இரண்டும் செம்மண்ணா ரத்தமா என்று தெரியாமல் இருந்தது.

எல்லப்பன் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். “போதுமுங்க சசி. வெளியே வந்துருங்க. பத்துப் பேரா ஆடட்டும்.”

“எம்புட்டு?”

“சைபர்-சைபர்.”

“அப்ப நிக்கலாம்.”

“உங்க காலு நிக்குமா?”

“இது எங்காலு. இந்த ரத்தத்துக்கு அம்மன் கேக்க மாட்டா” என்றான் சசிதரன். அதைச் சொல்லும்போது அவனுக்கு உள்ளே ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கடன் தீர்கிற மாதிரி. இவ்வளவு வாங்கினால் டெனினின் காலுக்குக் கணக்குச் சரியாகிவிடும் என்று எண்ணினான்.

எழுபதாவது நிமிஷத்தில் மைதானம் உடைந்தது. ஜீவா கயிற்றோரம் ஒருவனைச் சறுக்கி விழத்தட்டினான். விழுந்தவன் எழுவதற்குள் கயிறு அறுந்தது. மேட்டிலிருந்து இருபது முப்பது பேர் இறங்கிவந்து ஜீவாவைத் தரையில் போட்டு மிதித்தார்கள். குடைக் கம்பு, செருப்பு, ஒருவன் கையில் கார்னர் கொடிக்கம்பு. ஜீவாவின் முகம் களிமண்ணுக்குள் போய்விட்டது. மூச்சுக்காக அவன் குதிகால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. மகேஷின் விசில் யார் காதிலும் விழவில்லை.

சசிதரன் ஓடினான். வழியில் ஒருவன் அவன் தாடையில் குத்தினான். வாயில் உப்பு. கூட்டத்தைப் பிளந்து உள்ளே விழுந்து, ஜீவாவின் முகத்தைச் சேற்றிலிருந்து திருப்பிவிட்டு அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். இரண்டு கையாலும் ஜீவாவின் ஜெர்ஸியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அடிக்காமல் இருக்க அவனுக்குத் தெரிந்த வழி அதுதான். முதுகில் கம்பு விழுந்தது. விலாவில் பூட்ஸ் விழுந்தது. பிடரியில் எதுவோ விழுந்து காதுக்குள் மணி அடித்தது. ஜீவா அடியில் கிடந்து அழுதான்.

“அண்ணே, திருப்பி அடிங்கண்ணே. ஒருத்தன அடிங்க, ஓடிருவானுங்க.”

“பேசாதடா. மூச்ச விடு.”

திடீரென்று அடி நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தான். டெனின் நின்றுகொண்டிருந்தான். கொடிக்கம்பைப் பிடுங்கித் தொடையில் வைத்து ஒடித்து எறிந்தான்.

“போதும்! கொல்லவா வந்தீங்க? ஆட்டம் முடியட்டும், போங்கடா மேல!”

கூட்டம் முனகிக்கொண்டே ஏறியது. இருபது நிமிஷம் கழித்து மகேஷ் ஆட்டத்தைத் தொடர்ந்தார். நடக்காவிட்டால் இரண்டு டீமுக்கும் பாயிண்ட் இல்லை என்று சொன்ன பிறகுதான் எல்லோரும் நின்றார்கள். ஜீவா ஒரு கண் மூடிப்போய் நின்றான்.

கடைசி நிமிஷம். புலிக்குன்னுக்குக் கார்னர். கோல் வாசலில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். டெனின் சசிதரனின் முதுகோடு ஒட்டி வந்து நின்றான். அவன் மூச்சு காதில் சுட்டது.

“அடி வாங்கிட்டா சரியாயிடுமா?” என்றான், மெதுவாக. “மாசக்கணக்காக் கட்டில்ல கிடந்தேன். என் பொண்டாட்டி தூக்கித்தான் கக்கூஸுக்குக் கொண்டுபோனா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ வந்து எட்டிப் பாத்தியாடா?”

சசிதரன் பந்து வரும் பக்கமே பார்த்து நின்றான்.

“வரல. ஏன்னா நீ பயந்தாங்கொள்ளி. வெறுங்காலோட வந்தா மட்டும் பக்தனாயிடுவியா?”

பந்து உயர்ந்து வந்தது. இரண்டு பேரும் குதித்தார்கள். முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்த கைகள் எப்போது பிரிந்தன என்று சசிதரனுக்குத் தெரியும். யார் தெரியாது என்றாலும் அவனுக்குத் தெரியும். தலை பந்துக்குப் போனது. வலது முழங்கை பின்னால் போனது. குதித்த வேகத்தில் போகவில்லை. தேடிப் போனது. எலும்பில் இடித்தபோது அந்த இடம் எது என்றுகூட அவன் அறிந்திருந்தான். பந்து தலையில் பட்டுச் சதுப்புக்குள் போய் விழுந்தது. விசில் ஒலித்தது. சைபர்-சைபர். ஸ்காட்டிஷ் கிளப் பிழைத்தது.

திரும்பிப் பார்த்தான். டெனின் மண்டியிட்டிருந்தான். இடது புருவம் பிளந்து, ரத்தம் கண்ணை மூடிக்கொண்டு தாடையில் சொட்டியது. சசிதரனின் முழங்கையிலிருந்து ஒரு கோடு வழிந்து மணிக்கட்டுக்கு வந்து மஞ்சள் நூலைச் சிவப்பாக்கியது.

மகேஷ் இரண்டு பேரும் குதித்ததைத்தான் பார்த்திருந்தார். “தற்செயல்” என்று கை காட்டினார். புலிக்குன்னுக்காரர்கள்கூட மறுக்கவில்லை. ஆட்டம் பூராவும் கைகட்டி நின்றவன் ஆயிற்றே! டெனின் மட்டும் ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பும் வழியெல்லாம் வேனில் ஒரே கும்மாளம். ஜீவா வீங்கிய முகத்தோடு, “எங்க சிங்கம்டா! சசிண்ணன் சிங்கம்டா!” என்று கத்தினான். சசிதரன் நூலை விரலால் தேய்த்துக்கொண்டே வந்தான். அந்தச் சிவப்பு போகவில்லை.

விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட்டார்கள். கோயில் குழாயடியில் ரஞ்சனி மஞ்சள் தண்ணீரோடு நின்றிருந்தாள். அவன் பாதத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கால் கழுவாமல் நேராக அய்யாவுவின் முன்னால் போய்க் கையை நீட்டினான்.

“மாமா, காப்பு அறுந்துருச்சு.”

“நூலு இருக்கேடா.”

“ரத்தம் பாத்துட்டேன்.”

“அது தற்செயல் மாமா” என்று ஜீவா குறுக்கே வந்தான். “ரெஃப்ரியே சொல்லிட்டாரு. அவனுங்க ஆளுகளே சொல்லிட்டானுங்க.”

“ரெஃப்ரிக்குத் தெரியாது” என்றான் சசிதரன். “நான் பாத்துத்தான் அடிச்சேன். அன்னைக்குக் காலையும் பாத்துத்தான் மிதிச்சேன்.”

ரஞ்சனியின் கையில் இருந்த செம்பிலிருந்து தண்ணீர் சிந்திக்கொண்டிருந்தது. தாரிணி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் காலையே பார்த்தது.

அய்யாவு வெகுநேரம் அம்மனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு நூலை அறுத்துத் தண்ணீரில் விட்டார். ஒரு புது நூலில் மஞ்சள் தடவி, வேப்பிலை முடிந்து, அதைக் கட்டாமல் அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“நான் கட்ட முடியாது. உன்னால ரத்தம் சிந்துனவன் கையாலதான் திரும்பக் கட்டணும். இலங்கைத் தோட்டத்துல ஒருக்கா அப்புடி நடந்திருக்கு. செவ்வாக்கெழம சட்டி எடுக்குறோம். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள கட்டிக்கிட்டு வந்தா உனக்கு நெருப்பு உண்டு. இல்லீன்னா இல்ல.”

“அவன் வேதக்காரன் மாமா, சர்ச்சுக்குப் போறவன்” என்றான் சசிதரன்.

“அவனுக்கும் ரத்தம் செவப்புத்தானே.”

திங்கட்கிழமை விடியலில் பஸ் ஏறும்போது ரஞ்சனியும் ஏறினாள்.

“ஒத்தையாப் போனா கொன்னு போட்டுருவாங்க” என்றாள். “ரெண்டு பேருன்னா கொஞ்சம் யோசிப்பாங்க.”

கூடலூரில் இறங்கி, மறு பஸ் பிடித்து, புலிக்குன்னுக் கடைத்தெருவில் அவன் நொண்டி நடந்தபோது கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒருவன் பின்னாலேயே வந்தான். அவனோடு இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். டெனினின் வீட்டு வாசலில் அவன் மனைவி நின்றாள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி அவள் கையில் இருந்தது.

“ஒரு அடி எடுத்து வச்சே, இந்த வெறுங்காலு ரெண்டையும் இங்கயே போட்டுருவேன்.”

“வைக்கலீங்க” என்றான் சசிதரன். வாசல் மண்ணிலேயே உட்கார்ந்தான். ரஞ்சனியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தங்கச்சி, எம்புள்ளைக்கு வலிப்பு” என்றாள் ரஞ்சனி. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

கத்தி இறங்கவில்லை. ஆனால் உள்ளிருந்து டெனின் வந்தான். நெற்றியில் பெரிய கட்டு, இடது கண் முட்டைபோல் வீங்கியிருந்தது.

“அடிச்சியா, பட்டுச்சா?” என்று கேட்டான்.

“அடிச்சேன்.”

“கால்?”

“அதுவும் மிதிச்சதுதான்.”

டெனின் இரண்டு எட்டில் இறங்கிவந்து அவன் கன்னத்தில் அறைந்தான். ரஞ்சனி எழப் போனாள். சசிதரன் அவள் முட்டியை அழுத்தி உட்காரவைத்தான். இன்னொரு அறை. மூன்றாவது முஷ்டியாக வந்தது. சசிதரன் பக்கவாட்டில் சாய்ந்து, எழுந்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தான். நேற்றுக் கிழிந்த உதடு மறுபடி கிழிந்தது.

டெனினுக்கு மூச்சு வாங்கியது. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். ஒடிந்த காலை முன்னால் நீட்டிக்கொண்டான்.

“ஆஸ்பத்திரில எல்லாரும் தற்செயல்ன்னாங்க. என் அண்ணன்கூடச் சொன்னான். எனக்கே சந்தேகமாயிடுச்சு, நான்தான் பொய் நினைக்கிறேனோன்னு. ராத்திரி பூரா அதுதான் வலிச்சது.” நெற்றிக் கட்டைத் தொட்டுக்கொண்டான். “ஏழு மாசம் முன்னாடி இதே மாதிரி வந்து உக்காந்திருந்தா ஒரு அறையோட போயிருக்கும்.”

“ஆமா” என்றான் சசிதரன்.

“என்ன வேணும்?”

சசிதரன் உள்ளங்கையை விரித்து நூலைக் காட்டி, பூசாரி சொன்னதைச் சொன்னான். டெனின் மனைவியைப் பார்த்தான். அவள் கத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.

“உன் புள்ள பேரென்ன?”

“தாரிணி.”

டெனின் தன் கழுத்துச் சிலுவையை ஒரு தடவை தொட்டுக்கொண்டு நூலை எடுத்தான். மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றினான். முடிச்சுப் போடும்போது முழுபலத்தையும் கொடுத்து இழுத்தான். நூல் தோலுக்குள் இறங்கியது. சசிதரன் பல்லைக் கடித்தான். டெனின் இன்னொரு முடிச்சும் போட்டான்.

“இது எனக்காக” என்றான். “போ. பஸ் போயிடும்.”

செவ்வாய்க்கிழமை காலைக்குள் சசிதரனின் வலது கை ஊதிப்போய் விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. நூலைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டலாம், தப்பில்லை என்றார் அய்யாவு. அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். வேப்பிலை பரப்பி, அதன்மேல் கொழுந்துவிட்டு எரியும் சட்டியை அவன் கைகளில் வைத்தார்கள். நகம் போன காலை ஊன்றி மூன்றாம் நம்பர் லயத்திலிருந்து கோயில் வரை நடந்தான். சூடு பெரிதாகத் தெரியவில்லை. மணிக்கட்டுத்தான் தெரிந்தது. பக்கத்திலேயே தாரிணி நடந்தது, ஒரு கையால் அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு.